பால் டின்னுக்கு இரண்டு ஓட்டை

ஒன்பது வயதில் வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு வேலை இருந்தது. பால் டின்னின் ஓட்டைகளை அடைப்பது. இன்று யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். அன்று எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

மலாய் நாட்டில் அவசரகாலம் நடந்த வருடங்கள் அவை. ஈஜோக் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குச் சாத்துவார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதால் அரிசி, மாவு, சீனி எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. ஒரு பிடி அரிசியோடு பிடிபட்டாலும் ஜெயில்தான். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் வெறுங்கையோடு போய் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள்.

டின்னில் அடைத்த சாமான் மாதக்கணக்கில் கெடாது அல்லவா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கடையில் எந்த டின்னை வாங்கினாலும் கடைக்காரர் நம் கண்ணெதிரே ஆணியை வைத்து அடித்து, ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். பால் டின்னுக்கு இரண்டு ஓட்டை, எதிரும் புதிருமாக. சர்க்கார் காட்டுக்காரர்களைப் பட்டினி போடப் பார்த்தது. அவர்கள் மெலிந்தார்களோ இல்லையோ, எங்கள் வீட்டு எறும்புகள் நன்றாகக் கொழுத்தன.

எறும்புக்கு வைத்தியம் ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டின் மேல் பால் காய்ந்து இழையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உரித்து, சின்ன உருண்டையாக உருட்டி, ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினால் காற்றுகூட நுழையாது. நான் இதில் கெட்டிக்காரி. அழுத்தி முடித்ததும் கட்டைவிரல் நகத்தால் அதன்மேல் ஒரு கூட்டல் குறி போடுவேன். இது என் கைவேலை என்று உலகத்துக்குத் தெரிய வேண்டாமா?

காலையில் தேத்தண்ணீர் போடும்போது சித்தி இரண்டு அடைப்பையும் எடுத்துவிட்டு ஊற்றுவாள். பால் நூலாக இறங்கும். அவசரக்காரரான அப்பா ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு டின்னைக் கவிழ்ப்பார். ஒரு சொட்டும் வராது. ஆட்டுவார், அடியில் தட்டுவார், கடைக்காரரைத் திட்டுவார். சித்தி பேசாமல் டின்னை வாங்கி மற்ற அடைப்பையும் எடுப்பாள். காற்று உள்ளே போக ஒரு வழி இருந்தால்தான் பால் வெளியே வரும். ஆஸ்பத்திரிக் காரை அக்கு அக்காகக் கழற்றி மாட்டத் தெரிந்த அப்பாவுக்கு இந்த ஒன்று மட்டும் கடைசிவரை மண்டையில் ஏறவில்லை.

அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரைவர். அதனால் எங்கள் வீடு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், முள்கம்பியை ஒட்டித் தனியாக இருந்தது. பக்கத்து வீட்டில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் இருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. லயத்துப் பிள்ளைகள் விளையாடும் சத்தம் சாயங்காலத்தில் எங்கள் வீடு வரை கேட்கும். ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் சீக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவர்கள் வீட்டில் சொல்லி வைத்திருந்ததால் யாரும் வர மாட்டார்கள். நான் கம்பி ஓரமாக உட்கார்ந்து அந்தப் பக்கத்து மரங்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. சித்தி வந்து நாலு மாதம். பாகான் நக்கோடா ஓமாருக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்திலிருந்து, கடல் காற்றில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து ரப்பர் மர இருட்டில் விட்டிருந்தார்கள். அதிகம் போனால் அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். என்னை அடித்ததில்லை, அதட்டியதில்லை, கொஞ்சியதும் இல்லை. நான் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சமையலறை வாசலில் போய் நிற்பேன். அவளாகத் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பேன். அவளும் தனி, நானும் தனி, நடுவில் ஓர் அடுப்பு. அப்பா சாயங்காலம் வந்தால் இரண்டு பேரிடமும் பேச வேண்டுமே என்ற சங்கடத்தில் காரிடம் பேசப் போய்விடுவார்.

அந்தக் கார் சில வாரங்களாக இருமிக்கொண்டிருந்தது. டேங்கில் துரு பிடித்து, அந்தத் தூள் குழாய் வழியாக எஞ்சின்வரை போகிறது என்று அப்பா கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கழற்றினார். டேங்கில் மண்ணெண்ணெயும் ஒரு பிடி கூழாங்கல்லும் போட்டுக் குலுக்கிக் கழுவினார். விரிசல் விட்டிருந்த செம்புக் குழாய்க்கு ஏற்கெனவே ஈயம் பற்றவைத்து வாங்கி வந்திருந்தார். பெட்ரோலை உறிஞ்சும் பம்புக்குப் புதுத் தோல் மாற்றினார். கார்பரேட்டரின் ஊசித் துளைகளை ஒவ்வொன்றாக ஊதிச் சுத்தம் செய்தார். கழற்றியதையெல்லாம் வரிசையாகச் சாக்கில் பரப்பி, கோழி கிளறாமல் பார்த்துக்கொள் என்று என்னை உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்தச் சாக்கில்தான் டேங்கின் மூடி இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நட்ட நடுவில் ஒரு துளை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். கடைக்காரர்தான் பால் டின்னில் அடிக்கிறார், காரைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் மூடி என்று ஒன்று இருந்தால் அதில் யாராவது ஓட்டை போட்டிருப்பார்கள். என் பாவாடை மடியில் எப்போதும் ஒட்டுப்பால் இருக்கும். வெளிப்பக்கம் பளபளவென்று அழகாக இருந்ததால் அதைக் கெடுக்காமல் உள்பக்கமாக வைத்து அழுத்தினேன். நகத்தால் கூட்டல் குறி போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, அட, இதை யார் அடைத்தது என்று கேட்பார், அப்போது சொல்லலாம் என்று மூடியை இருந்தபடியே வைத்தேன். அப்பா என்னைப் பாராட்டி நாலு மாதம் ஆகியிருந்தது.

அப்பா திரும்பி வந்தபோது கூடவே, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியின் ஆபீஸ் பையனும் வந்தான். டெலிபோன் வந்ததாம். சித்தியின் அப்பா காலையில் தென்னந்தோட்டத்தில் விழுந்து இறந்துவிட்டார். மறுநாள் இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். அங்கேயும் சுடுகாடு கம்பிக்கு வெளியே இருந்தது. எல்லாம் முடித்து ஆறு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்பதால் அதற்கு மேல் ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

சித்தி சத்தமாக அழவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மொகத்தப் பாத்துருவேன்ல?”

“பாத்துருவ. வண்டிய நா புதுசு மாதிரி பண்ணிட்டேன். பத்து மணிக்கெல்லாம் அங்க இருப்போம்.”

அப்பா டிரெசரிடம் ஓடினார். ரிப்பேர் பார்த்த வண்டியை எப்படியும் ஓட்டிப் பார்க்கத்தானே வேண்டும், அந்தப் பக்கமாக ஓட்டிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வா என்று அந்த நல்ல மனிதர் சொன்னார். துரையிடமும் அவரே கேட்டுக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் அப்பா எல்லாவற்றையும் மாட்டி, டேங்கில் விளிம்புவரை பெட்ரோல் ஊற்றி, மூடியைத் திருகினார். அவசரத்தில் அதன் உள்பக்கத்தைப் பார்க்கவில்லை. என் பாராட்டும் போயிற்று.

மறுநாள் நான் விழித்தபோது சித்தி அரிசி டின்னுக்கு முன்னால் குந்தியிருந்தாள். அரைப்பிடி அரிசியை எடுத்து முந்தானை நுனியில் வைத்து முடிந்தாள். வாய்க்கரிசி. கட்டிக்கொடுத்த மகள் தன் வீட்டிலிருந்து கொண்டுபோய் அப்பாவின் வாயில் போட வேண்டிய அரிசி. என் அம்மாவுக்கு இந்தக் கையால் நானும் போட்டிருக்கிறேன், அதனால் எதற்கென்று எனக்குத் தெரிந்தது. கேட்டைத் தாண்டினால் அது குற்றம் என்பதும் தெரிந்தது. முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் பாயில் கிடந்த என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

போலீஸ்காரரை நாங்கள் மத்தா என்போம். கேட்டில் நின்ற மத்தா காரின் அடியில் குனிந்து பார்த்தார், சீட்டைத் தூக்கிப் பார்த்தார். பெண்களைச் சோதிக்கிற பொம்பளை ஞாயிற்றுக்கிழமையில் வருவதில்லை. இறந்தவருக்குப் போர்த்தவென்று சித்தி மடியில் வைத்திருந்த புதுவேட்டியைப் பார்த்ததும் மத்தா ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

கார் வெண்ணெயாக ஓடியது. அப்பா முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி எஞ்சின் சத்தத்தை ரசித்தார். நாங்கள் இருவரும் பின்சீட்டில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மைல் போயிருக்கும். கார் ஒரு தடவை விக்கியது, இரண்டு தடவை விக்கியது, நின்றுவிட்டது.

அப்பா இறங்கி, பின்னால் வந்து, டேங்கின் மூடியைத் திறந்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. மூடியை அப்படியே மட்கார்டு மேல் வைத்துவிட்டுக் குச்சியை விட்டுப் பார்த்தார். பெட்ரோல் இருந்தது. மூடியைத் திருகிவிட்டு முன்னால் போய்க் கம்பியைச் செருகிச் சுற்றினார். உடனே கிளம்பியது. குழாயில் காற்று புகுந்திருந்ததாம். புதிதாக மாட்டிய வண்டிக்கு அது சகஜமாம்.

இன்னொரு மூன்று மைலில் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை அப்பா மூடியைத் திறக்கவில்லை, அதுதான் பார்த்தாயிற்றே. கை ஓயும்வரை சுற்றினார். பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்தார், வந்தது. கார்பரேட்டரைத் திறந்தார், உள்ளே வறண்டு கிடந்தது. பம்பைத் திறந்து புதுத் தோலை எடுத்துப் பார்த்து, மறுபடி மாட்டினார். பெட்ரோல் ஏன் வரவில்லை என்று விளங்காமல் குழாயில் வாயை வைத்து உறிஞ்சினார். வரவில்லை. கன்னம் புடைக்க ஊதினார். டேங்குக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. பிறகு மாட்டிச் சுற்றினார், கிளம்பிவிட்டது. குழாயில் துருத்தூள் அடைத்திருந்ததாம். இதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. அப்பாவின் உதடு பெட்ரோலில் வெந்து சிவந்திருந்தது.

மூன்றாவது தடவை நின்றபோது பதினோரு மணி. கோல சிலாங்கூர் இன்னும் வரவில்லை. அங்கே காரை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் பெரிக்குக் காத்திருக்க வேண்டும், அதற்கப்புறமும் நெடுந்தூரம் இருந்தது. இருபுறமும் ரப்பர் மரம், ஆள் அரவம் இல்லை. அந்த மாதிரி இடத்தில் கார் நிற்கக் கூடாது என்பது அந்தக் காலத்தில் கைப்பிள்ளைக்கும் தெரியும். அப்பா பிளக், பம்ப், கார்பரேட்டர் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை எவ்வளவு ஊதியும் கார் கிளம்பவில்லை. உதடு வெந்திருந்ததால் முன்போல அழுத்தி ஊத அவரால் முடியவில்லை. கடைசியில் கையில் ரத்தம் வழியப் படிப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். சித்தியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“நா எல்லாத்தையும் சரியாத்தான் மாட்டுனேன்.”

அவர் குரல் அப்படி உடைந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. சித்தி காரை விட்டு இறங்கிப் பின்னால் போனாள். பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று டேங்க் காற்றை இழுத்தது. மூடியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள்.

கூட்டல் குறியை அவள் தினமும் காலையில் பார்க்கிறவள். தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையிலிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. டேங்கும் ஒரு டின்தான், அதற்கும் காற்று போக ஓர் ஓட்டை வேண்டும், அதை அடைத்துக் காரை நிறுத்தியவள் நான். சித்தி நகத்தால் அடைப்பைப் பெயர்த்தாள். பெட்ரோல் ஆவியில் ஊறிப் பருத்துப்போன ரப்பர், பிசினாக இழுத்துக்கொண்டு விரலோடு வந்தது. அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு லாரி திரும்பியது. லாரி நிறையத் துப்பாக்கிகள்.

மத்தாக்கள் குதித்து இறங்கினார்கள். சித்திக்கு யோசிக்க நேரமில்லை. விரலில் ஒட்டியிருந்ததை முந்தானை நுனியில் வைத்து, இருந்த முடிச்சோடு சேர்த்து இறுக்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள். அரிசி இருந்த அதே முடிச்சு.

அவர்களின் தலைவர் ஒரு மலாய்க்காரர், நடுவயது. இங்கே ஏன் நின்றீர்கள், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டார். அடையாள அட்டைகளைப் பார்த்தார். அப்பா புதுவேட்டியைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். நேற்றுத்தான் ரிப்பேர் செய்த கார் மூன்று முறை நின்றது என்று கேட்டதும் அந்த மனிதரின் முகம் மாறியது. இந்த ரோட்டில் இந்த இடத்தில் கார் நிற்க வேண்டும் என்று யாராவது எதையாவது செய்திருக்கலாம் என்றார். நேற்று வண்டிக்குப் பக்கத்தில் யார் யார் வந்தார்கள், பெயரைச் சொல் என்று குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அப்பா யோசிக்க ஆரம்பித்தார்.

“ஹாபோக்,” என்றாள் சித்தி. தூசி. அவளுக்கு மலாய் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டேங்கின் மூடியை அவரிடம் நீட்டினாள். துளை சுத்தமாக இருந்தது. அதில் தூசி அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன், வேறொன்றும் இல்லை என்று மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக மலாயில் சொன்னாள்.

அவர் மூடியை வெளிச்சத்தில் பிடித்து, துளை வழியாக வானத்தைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பிறகு கார் ஜன்னலில் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில் என்னைக் கேட்டார்.

“பாப்பா, சாப்பாடு ஆடா?”

சாப்பாடு ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறார். அவர் தோளுக்கு மேல் சித்தி தெரிந்தாள். கை இடுப்பு முடிச்சின் மேல் இருந்தது. என்னிடம் அவள் எதுவும் கெஞ்சவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். அன்பினால் ஆட்டினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், அந்த முடிச்சை அவிழ்த்தால் என் ரப்பரும் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

லாரி போன பிறகு சித்தி மூடியைத் திருகிவிட்டு, இப்போது சுற்றிப் பாருங்கள் என்றாள். அப்பா சுற்றினார். அதற்குப் பிறகு கார் எங்கேயும் நிற்கவில்லை. தூசி மூடியில் இருந்ததாக அவள் சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குழாயை ஊதியதால்தான் கார் ஓடியது என்று நம்பினார். வாயால் ஊதியே பாகான் நக்கோடா ஓமார்வரை கார் ஓட்டிய கதையைச் சாகும்வரை வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் சித்தி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பெரிக்குக் காத்திருந்தபோதே மணி ஒன்று தாண்டிவிட்டது. நான் சித்தியின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது சொல்லப் போகிறாள்? அப்பாவிடம் தனியாகச் சொல்வாளா, அவள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் வைத்துச் சொல்வாளா? சொன்னால் நானும் அரிசியைச் சொல்வேன். இப்படி ஒரு நியாயம் எனக்குள் உருவாகி, கொஞ்சம் தைரியமும் வந்தது. அவள் ரகசியம் என்னிடம், என் ரகசியம் அவளிடம். ஆகவே அவள் சொல்ல மாட்டாள். ஒன்பது வயதில் மனிதர்கள் எதற்காக வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதற்கு எனக்கு அந்த ஒரு காரணம்தான் தெரியும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. தென்னந்தோட்டத்தின் கேட்டுக்கு முன்பே, ரோட்டோரத்தில் சுடுகாடு. ஆண்கள் மண்வெட்டிகளோடு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அப்பா காரை நிறுத்தினார். மொட்டைத் தலையோடு சித்தியின் அண்ணன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டரை வரைக்கும் வெச்சிருந்தேன்மா. அதுக்கு மேல மத்தா விடல.”

சித்தி இறங்கி நடந்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குள் போகிற வழக்கமில்லை. அண்ணன் தடுக்காமல் கூடவே நடந்தார். அப்பா வண்டியிலேயே ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தெரியாத ஊரில் தனியாக இருக்கப் பயந்து நான் அவள் பின்னாலேயே போனேன்.

ஈர மண் குவியலாக இருந்தது. அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

“அண்ணே, தலமாடு எது?”

அவர் கையைக் காட்டினார். சித்தி அந்தப் பக்கம் போய் மண்டியிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அரிசி கொட்டவில்லை. பெட்ரோலில் ஊறிய என் ரப்பர் பிசுபிசுவென்று இளகி, அரிசி முழுவதும் அதில் ஒட்டி ஒரே கட்டியாக இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இப்போது தூக்கி எறியப் போகிறாள், இப்போது என்னைக் காட்டிச் சொல்லப் போகிறாள் என்று நான் நின்றேன். அவள் ஒரு மணியைப் பிய்த்து எடுத்தாள், மண்ணில் வைத்தாள். இன்னொரு மணியைப் பிய்த்தாள். அண்ணன், நேரமாகிறது, கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அவள் ஒவ்வொரு மணியாகப் பிய்த்து, அப்பாவின் வாய் இருக்கும் என்று நினைத்த இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ரப்பர் மட்டும் மிஞ்சியது. அதை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சித்தி அங்கேயே தங்கினாள். நானும் அப்பாவும் மறுநாள் திரும்பினோம். இவள் இல்லாவிட்டால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று நாலு மாதமாக ஆசைப்பட்டவள் நான். ஆகவில்லை. அப்பா பேசாமல் வந்தார், பேசாமல் போனார். நான் கம்பி ஓரத்தில் போய் உட்கார்ந்தால் மரங்களை எண்ணவும் தோன்றவில்லை. பால் டின் வாங்கி வந்தால் நான் அடைக்கவில்லை. மடியில் இருந்த ஒட்டுப்பாலையெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டேன். டின் நிறைய எறும்பு. அப்பா எறும்பை ஊதிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார்.

சித்தி எங்களோடு அதற்குப் பிறகு நாற்பது வருடம் இருந்தாள். என்னைப் படிக்க வைத்ததும் அவள் பிடிவாதம்தான். அந்த நாற்பது வருடத்தில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று நினைத்தால் அதுதான் என்னை வதைக்கிறது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, சித்தி, அன்றைக்கு உன் அப்பா முகத்தைப் பார்க்க விடாமல் செய்தவள் நான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியும் என்பதால் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

பதினேழாம் நாள் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்ததும் குளித்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள், பால் டின்னை எடுத்துப் பார்த்தாள். டின்னை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினாள். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மரத்திலிருந்து ஒட்டுப்பால் உரித்துக்கொண்டு வந்தாள். புது டின் ஒன்றையும் அந்த ஒட்டுப்பாலையும் என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். டின்னில் இரண்டு ஓட்டை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் தொடவில்லை.

“அடைச்சிக் குடு. நீ அடைச்சாத்தான் எறும்பு ஏறாது.”

குத்திக்காட்டுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு உருட்டினேன், அடைத்தேன், ஒன்று, இரண்டு. குறி போடவில்லை. இனிமேல் எதன் மேலும் என் குறியைப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். டின்னை அவள் பக்கம் தள்ளினேன்.

சித்தி டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரல் நகத்தால் இரண்டு அடைப்பின் மேலும் மெதுவாக, கோணாமல், ஒவ்வொரு கூட்டல் குறி போட்டு, டின்னை அலமாரியில் வைத்தாள்.

என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்து, அன்று முழுவதும் கம்பி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன்.